கொற்கையிலிருந்து விலகிய கடல்



மனிதர்கள் ஒன்றை ஏன் நம்புகிறார்கள், நம்பியது தவறு என்று தெரிந்த பிறகும் அதை ஏன் விடுவதில்லை, பிழையான செய்தியை எப்படித் திருத்துவது என்பவை பற்றிப் பேசும்படி இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். இது உளவியல் துறையின் பொருள். இதற்கு அமெரிக்கத் தேர்தலிலிருந்தும் தடுப்பூசிச் சண்டையிலிருந்தும் எடுத்துக்காட்டுகளை அடுக்கிக்கொண்டே போகலாம். அப்படிச் செய்தால் நீங்களும் நானும் வசதியாக உட்கார்ந்து, அடுத்தவர் அறியாமையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போவோம். நம் நெஞ்சுக்கு நெருக்கமான ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொள்வதுதான் நேர்மை என்று எனக்குப் படுகிறது. ஆகவே, தமிழகத்துக்குத் தெற்கே கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அதைத் திருநெல்வேலியில் பேசுவதற்குக் காரணமும் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஈடாக நாம் சொல்ல வேண்டியவற்றில் பெரும்பகுதி இங்குள்ள பொருநை ஆற்றின், அதாவது தாமிரபரணியின், கரையில்தான் கிடக்கிறது.

முதலில் அந்த நம்பிக்கை எப்படி உருவானது என்று பார்ப்போம். அதில் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று நம்முடையது. இறையனார் அகப்பொருளின் உரை முச்சங்கக் கதையைச் சொல்கிறது. தலைச்சங்கம் 4440 ஆண்டுகள், இடைச்சங்கம் 3700 ஆண்டுகள், கடைச்சங்கம் 1850 ஆண்டுகள். முதல் மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டது. சிலப்பதிகாரத்திலும் கலித்தொகையிலும் கடல்கோள் பற்றிய குறிப்புகள் உள்ளன. சிலம்புக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் இன்னும் விரித்து, பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே எழுநூறு காவதம் என்றும், அங்கே நாற்பத்தொன்பது நாடுகள் இருந்தன என்றும் பட்டியல் தருகிறார். இவர்களில் யாரும் கண்டம் என்று சொல்லவில்லை. தென்கரையில் நிலம் அழிந்தது என்பதே அவர்கள் சொன்னது.

கண்டம் வந்தது லண்டனிலிருந்து. 1864இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற விலங்கியலாளர் ஒரு புதிரோடு போராடினார். லெமூர் என்னும் விலங்கு மடகாஸ்கரில் இருக்கிறது, அதன் உறவினங்கள் இந்தியாவிலும் இருக்கின்றன, இடையில் இருப்பதோ பெருங்கடல். முன்பு இரண்டையும் இணைத்த நிலம் ஒன்று இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அன்றைக்கு அது நியாயமான ஊகம்தான். ஜெர்மானிய அறிஞர் எர்னஸ்ட் ஹெக்கெல் அங்கேதான் மனித இனம் தோன்றியிருக்கலாம் என்றார். 1885இல் வெளிவந்த சென்னை மாகாண நிர்வாகக் கையேடு அந்தக் கருத்தை ஆங்கிலம் படித்த தமிழர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் வெளியிட்ட நூலில் லெமூரியா ஓர் ஆதி மனித இனத்தின் தாயகமாகவே ஆகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் அறிஞர்கள் உரையாசிரியர்கள் சொன்ன கடல்கோளையும் ஐரோப்பியர் சொன்ன கண்டத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார்கள். தேவநேயப் பாவாணர், கா. அப்பாத்துரையார் போன்ற பெரும்புலமை வாய்ந்தவர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள்.

ஸ்கிலேட்டரின் ஊகம் பிறகு தேவையற்றதாகிவிட்டது. கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் 1912இல் சொன்னார். 1960களில் புவித்தட்டு இயக்கவியல் அதை நிலைநாட்டியது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து, ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. நம் மனித இனத்தின் வயதோ 3 லட்சம் ஆண்டுகள் அளவில்தான். இந்தியப் பெருங்கடலின் தரை கருங்கல் கண்டமாக இருந்து மூழ்கியதன்று, எரிமலைக் குழம்பு உறைந்த கடற்பாறை. அறிவியலாளர்கள் லெமூரியாவைக் கைவிட்டார்கள். நாம் கைவிடவில்லை. ஏன்?

இதற்கு விடை தேட பீகாருக்குப் போக வேண்டும். 1934 ஜனவரி 15 அன்று அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தது. அதன் பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் திரட்டி ஆராய்ந்தார். அவர் கண்டது வியப்பானது. நிலம் நடுங்கியது, ஆனால் சேதமில்லை என்ற பகுதிகளில், இனிமேல்தான் பேரழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் பரவின. அச்சத்தில் இருந்தவர்கள் ஆறுதல் தரும் கதையைத்தானே தேட வேண்டும்? அவர்கள் இன்னும் பெரிய அச்சத்தையே தேடினார்கள். அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் இதைப் படித்துத் திகைத்தார். அறிதல் முரண்பாடு என்னும் அவருடைய புகழ்பெற்ற கோட்பாடு பிறந்ததில் பீகார் வதந்திகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் தந்த விளக்கம் இது. மனதில் அச்சம் நிறைந்திருக்கிறது, கண்ணெதிரே அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. அந்த அச்சத்துக்குத் தகுந்த அளவில் ஒரு காரணம் தேவைப்பட்டது. வதந்தி அதைக் கொடுத்தது.

உணர்ச்சி முன்னே வருகிறது, காரணம் பின்னே வருகிறது. குமரிக்கண்டத்துக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழறிஞர்களின் மனதில் இருந்தது ஆற்றாமை. நம் நூல்கள் தொலைந்துவிட்டன, நம் தொன்மையை யாரும் மதிப்பதில்லை, பள்ளிக்கூட வரலாறு கங்கைக் கரையிலேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. அந்தத் துயரம் பொய்யில்லை. அவ்வளவு பெரிய துயரத்துக்கு ஒத்த அளவில் ஒரு காரணம் வேண்டியிருந்தது. மூழ்கிய கண்டம் அந்த அளவுக்குப் பொருந்தியது. வரலாற்றாசிரியர் சுமதி ராமசாமி 2004இல் வெளியிட்ட லெமூரியா பற்றிய நூலில் இந்த இழப்புணர்வையே மையமாக வைத்தார். அவர் எழுதியவற்றில் எனக்கு மிகவும் உடன்பாடான பகுதி அது. நம்பியவர்களை எள்ளி நகையாடி ஒதுக்கிவிட்டால் அந்தத் துயரத்தையும் சேர்த்து ஒதுக்கியவர்கள் ஆவோம்.

நம்பிக்கை பிறந்த கதை இது. அது நிலைத்த கதை வேறு. தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர் இதை எளிதாக விளக்குகிறார். நமக்குப் பிடித்த செய்தி வரும்போது, இதை நம்ப இடமிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். பிடிக்காத செய்தி வந்தால், இதை நம்பித்தான் தீர வேண்டுமா என்று பார்க்கிறோம். முதல் கேள்விக்கு ஒரு சிறு சான்று போதும். இரண்டாவது கேள்வியிலிருந்து தப்ப ஒரு சிறு ஐயம் போதும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. 4440, 3700, 1850 என்ற எண்களை நான் மாணவனாக மனப்பாடம் செய்தேன், நீங்களும் செய்திருப்பீர்கள். இம்மூன்றையும் 37ஆல் வகுத்துப் பாருங்கள். 120, 100, 50 என்று மீதியின்றி வகுபடும். உண்மையான மன்னர்கள் உண்மையான ஆண்டுகள் ஆண்டு, அவற்றைக் கூட்டினால் இப்படி ஒழுங்காக வராது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு கணக்கு மனதில் வைத்து அமைத்தால்தான் வரும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வகுத்தல்தான் இது. இந்த எண்களைச் சொல்லும் மேடைப் பேச்சுகள் எத்தனையோ கேட்டிருக்கிறோம். வகுத்துப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் நாம் கேட்டது முதல் வகைக் கேள்வி. இதே எண்கள் வேறொரு மொழியின் தொன்மையை நிறுவ வந்திருந்தால் அன்றைக்கே வகுத்திருப்போம்.

இன்னொன்று திரும்பத் திரும்பக் கேட்பது. ஹாஷர், கோல்ட்ஸ்டைன், டோப்பினோ ஆகிய மூவர் 1977இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குச் சில கூற்றுகளை இரண்டு வார இடைவெளிகளில் வாசித்துக் காட்டினார்கள். சில உண்மை, சில பொய். முன்பு கேட்ட கூற்றே மறுபடி வந்தபோது, உண்மையோ பொய்யோ, அதை உண்மை என்று மதிப்பிடும் போக்கு கூடியது. காதுக்குப் பழகியது மனதுக்கு மெய்யாகிவிடுகிறது. 1981இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் குமரிக்கண்டம் பற்றி அரசே எடுத்த ஆவணப்படம் காட்டப்பட்டது. மேடை, பாடநூல், படம், இப்போது கைப்பேசி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அந்தப் பேச்சு புது வேகம் பெற்றதையும் பார்த்தோம். கடல் ஊரைக் கொண்டுபோவதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். 1964இல் தனுஷ்கோடி போனதையும் கண்டோம். கண்முன் உள்ள பேரழிவைக் கொண்டு பழங்காலத்தை அளப்பது மனித இயல்பு.

சரி, திருத்துவது எப்படி? குமரிக்கண்டம் பொய் என்று அறிவித்துவிட்டால் போதுமா? 1994இல் ஹோலின் ஜான்சன், காலீன் செய்ஃபெர்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரு கிடங்கில் தீப்பிடித்த செய்தியைப் பகுதி பகுதியாகப் படிக்கக் கொடுத்தார்கள். அலமாரியில் பெயின்ட் டப்பாக்களும் எரிவாயு உருளைகளும் இருந்ததாக முதலில் வரும். பிறகு, அது தவறான தகவல், அலமாரி காலியாக இருந்தது என்று திருத்தம் வரும். படித்தவர்களுக்குத் திருத்தம் நன்றாக நினைவில் இருந்தது. ஆனாலும் கரும்புகை ஏன் வந்தது என்று கேட்டால் பெயின்டைத்தான் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குத் திருத்தத்தோடு மாற்றுக் காரணமும் கொடுத்தார்கள்: பெட்ரோலில் நனைத்த துணிகள் கிடைத்தன, யாரோ தீ வைத்திருக்கிறார்கள். இந்தக் குழுவில் பெயின்டின் பேச்சு வெகுவாகக் குறைந்தது. காரணத்தைப் பிடுங்கிவிட்டு வெறும் இடத்தை விட்டால் பழைய காரணமே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குமரிக்கண்டத்தைப் பிடுங்கினால் இரண்டு வெற்றிடங்கள் உண்டாகும். நம் பழைய நூல்கள் எங்கே போயின? நம் பழைய துறைமுகம் எங்கே போயிற்று? இரண்டுக்கும் பொருநை நாடு விடை வைத்திருக்கிறது.

முதல் விடை கரிவலம்வந்தநல்லூரில் இருக்கிறது. பழைய பாண்டிய மன்னர் ஒருவரின் ஏட்டுச்சுவடிகள் அந்தக் கோயிலில் இருந்ததாகக் கேள்விப்பட்டு உ. வே. சாமிநாதையர் தேடிப் போனார். கோயிலைச் சேர்ந்தவர் சொன்ன செய்தி அவரை உலுக்கிவிட்டது. சிதைந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பில் இட்டுவிட வேண்டும் என்பது ஆகம விதியாம், அப்படியே செய்துவிட்டார்களாம். அழிக்க வேண்டும் என்று யாரும் செய்யவில்லை, பக்தியோடு செய்தார்கள். அந்த வேதனையை ஐயர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு கண்டம் மூழ்கியதைவிட இது எனக்குக் கொடிய இழப்பாகத் தெரிகிறது. இதில் மனிதர்கள் இருக்கிறார்கள், நாள் இருக்கிறது, தவிர்த்திருக்கக்கூடிய வாய்ப்பும் இருக்கிறது. இன்னும் எத்தனையோ சுவடிகள் செல்லரித்துப் போயின, ஆற்றோடு போயின. படியெடுக்க ஆளில்லாமல் போயின. கடல் கொண்டது என்று சொல்லும்போது இந்தக் கைகள் எல்லாம் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. குமரிக்கண்டக் கதை நமக்குச் செய்த பெருந்தீங்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

பொருநையின் கீழ்க்கரையில் உள்ள ஆழ்வார்திருநகரியில் வேறொன்று நடந்தது. பத்துப்பாட்டு முழுமையாகக் கிடைக்காமல் அலைந்த ஐயருக்கு அங்கே ஒரு கவிராயர் வீட்டு ஏட்டில் அதன் பாடல்கள் பல கிடைத்தன. 1889இல் பத்துப்பாட்டு அச்சில் வந்தது. கிடைத்ததும் இங்கேதான், எரிந்ததும் இங்கேதான். பள்ளிகளில் இந்த இரண்டு ஊர்க் கதைகளும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

இரண்டாவது விடை கொற்கை. கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்கள் கொல்கோய் என்று குறித்த முத்துத் துறைமுகம், சங்கப் பாடல்கள் கொண்டாடிய பாண்டியர் பட்டினம். கடலோடு போயிருக்க வேண்டிய ஊர் என்றால் முதலில் இதுதான் போயிருக்க வேண்டும். இன்றைக்குப் போய்ப் பாருங்கள். வயலும் குளமும் சூழ்ந்த சிற்றூராக, கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1870களில் இங்கே தோண்டினார். மண்ணுக்கடியில் கடற்சிப்பிகளைக் கண்டார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டுக்குக் கி.மு. 785ஐ ஒட்டிய காலம் கணிக்கப்பட்டது. பொதிகையிலிருந்து மண்ணைச் சுமந்துவந்த தாமிரபரணி தன் முகத்துவாரத்தைத் தானே தூர்த்தது. கரை கிழக்கே நகர்ந்தது. கொற்கையின் வணிகம் மார்க்கோ போலோ கண்ட காயலுக்குப் போயிற்று. காயலும் தூர்ந்து இன்று பழையகாயல் என்ற உள்தள்ளிய ஊர் ஆயிற்று. பிறகு புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. நம் கண்முன் உள்ள கடற்கரையில் கடல் நிலத்தைக் கொள்ளவில்லை, ஆறு கடலிடமிருந்து நிலத்தைப் பெற்றுத் தந்திருக்கிறது. வண்டலால் ஒரு துறைமுகம் மெல்லச் சாவது ஆழிப்பேரலை போலக் கண்ணை உறுத்தாது. பல தலைமுறைகள் ஆகும், ஒருவர் வாழ்நாளில் தெரியாது. மனம் அத்தகைய காரணங்களை எளிதில் பற்றிக்கொள்வதில்லை. ஆகவே அதைக் காட்டிச் சொல்ல ஆசிரியர் வேண்டியிருக்கிறது.

கடல்கோள் நினைவு முழுவதும் கற்பனை என்றும் நான் சொல்லவில்லை. நிலவியலாளர் சு. கி. ஜெயகரன் 2002இல் வெளியிட்ட குமரி நில நீட்சி என்ற நூல் இதற்கு நல்ல வழிகாட்டி. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இலங்கையும் தமிழகமும் தரைவழியே இணைந்திருந்தன. குமரிமுனைக்குத் தெற்கேயும் நிலம் ஓரளவு நீண்டிருந்தது. பனி உருகக் கடல் ஏறியது. கண்டம் இல்லை, ஆனால் இழந்த கரை உண்டு. ஜெயகரன் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கவில்லை, எவ்வளவு இருந்தது என்றும் சொன்னார். அதைத் தமிழிலேயே, தமிழ் மீது பற்றுள்ளவராகவே சொன்னார். திருத்த வருகிறவர் நம்மைச் சேர்ந்தவர் என்று கேட்பவர் உணர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

திருத்தினால் நம்பிக்கை இன்னும் இறுகும் என்று ஓர் அச்சம் பரவலாக உண்டு. 2010இல் நைஹான், ரைஃப்லர் ஆகியோரின் ஆய்வு அப்படிக் காட்டியது. பிறகு வுட், போர்ட்டர் இருவரும் பல்லாயிரம் பேரிடம் சோதித்து 2019இல் வெளியிட்டபோது, அந்த எதிர்விளைவு அரிதாகக்கூடத் தென்படவில்லை. ஆகவே ஆசிரியர்கள் அஞ்சி வாய்மூடத் தேவையில்லை.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். பொருநைப் பகுதியில் அகழாய்வு நடந்த சிவகளை. 2021 செப்டம்பரில், அங்கே முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். 2025 ஜனவரி 23 அன்று வெளியான இரும்பின் தொன்மை அறிக்கை சிவகளை இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோயிற்று. மாதிரிகள் புளோரிடாவின் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் என்று மூன்று இடங்களுக்குச் சென்றன. குமரிக்கண்டத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இங்கே கையில் பொருள் இருக்கிறது, சோதிக்கலாம். எனக்கும் பெருமிதம் உண்டு. அதனாலேயே இரண்டாவது வகைக் கேள்வியை இங்கேதான் கேட்க வேண்டும். காலம் கணிக்கப்பட்டது இரும்புக்கா, உடன் கிடைத்த கரிக்கும் பானை ஓட்டுக்குமா? கரிக்குத்தான், ஓட்டுக்குத்தான். அந்தக் கரி முந்நூறு ஆண்டு நின்ற மரத்தின் உள்வயிரத்திலிருந்து வந்திருந்தால், எரிந்த நாளைவிட முந்நூறு ஆண்டு முந்திய காலத்தைக் காட்டாதா? அந்தத் தாழி பிற்காலத்தில் திறக்கப்பட்டதா? பக்கத்துத் தாழிகள் என்ன காலம் காட்டுகின்றன? ஒரே இடத்தின் கரியும் ஓடும் நூற்றாண்டுகள் விலகி நிற்கின்றனவே, எப்படி விளங்கிக்கொள்வது? இவற்றைக் கேட்பவரைத் தமிழ்ப் பகைவர் என்று முத்திரை குத்தினால், ஸ்கிலேட்டரின் ஊகத்துக்கு நேர்ந்ததே இந்தப் பொன்னான அகழாய்வுக்கும் நேரும். வடக்கே தொன்மை பேசப்படும்போது நாம் எந்தக் கேள்விகளைக் கேட்கிறோமோ, அதே கேள்விகளைப் பொருநைக்கும் கேட்க வேண்டும். கேட்டு நின்றால் பொருநையின் பெருமையை யாரும் அசைக்க முடியாது.

இதைப் பள்ளியில் செய்ய முடியுமா? மீண்டும் பீகார்தான் சான்று. 2019 தேர்தல் காலத்தில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் அங்கே வீடு வீடாகப் போய் ஒரு மணி நேரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பொய்ச் செய்தியை அடையாளம் காணும் திறன் மொத்தத்தில் கூடவில்லை. பிறகு அவரும் உடனாய்வாளர்களும் 583 கிராமங்களில் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்களோடு, வாரக்கணக்கில் நீண்ட வகுப்புகளாக நடத்தினார்கள். அப்போது பலன் தெரிந்தது, பல மாதங்கள் நிலைத்தது, பெற்றோர்களிடமும் ஓரளவு பரவியது. ஒருநாள் கருத்தரங்கம் போதாது. என் சொற்பொழிவும் போதாது.

எனவே இங்கே வந்திருக்கிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பருவம் முழுக்கப் பொருநையைப் பாடமாக வையுங்கள். பிள்ளைகளைக் கொற்கைக்குக் கூட்டிப் போங்கள், அங்கிருந்து கடல்வரை நடக்க வையுங்கள். கணக்கு வகுப்பில் அந்த மூன்று எண்களைக் கொடுத்து வகுக்கச் சொல்லுங்கள், காரணத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும். ரெட்டியார்பட்டி மலையடியில் அமைந்த பொருநை அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு காலக்கணிப்புக்கும் எதிரே நின்று, எந்த மாதிரி, எந்த அடுக்கு, எந்த ஆய்வகம் என்று குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். பலகையில் விடை இல்லையென்றால் தொல்லியல் துறைக்குக் கடிதம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டுப் பரணில் ஏடு ஏதும் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். இன்னும் இருக்கக்கூடும்.